கயிறு பிடிக்கிறவர் யார்?



இந்தக் கடலிலே 1961 வரை முத்துக்குளிப்பு நடந்து வந்தது பெரியவர்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரர் காலத்துக் குளிப்புகளில், சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லிக்கொண்டு ‘கடல் கட்டி’ என்ற மந்திரக்காரர் ஒருவர் இருப்பார். சர்க்காரே அவருக்குக் கூலி கொடுத்தது. ஆனால் மூழ்கினவன் உயிர் யார் கையில் இருந்தது? தோணியில் நின்று, கயிறு அசைந்தவுடனே இழுத்தானே, அவன் கையில் அல்லவா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செண்டிமீட்டர். தாமிரபரணி பெருகி, ஸ்ரீவைகுண்டம் முதலிய ஊர்களுக்குப் பாதையே அற்றுப்போயிற்று. அப்படிப்பட்ட வேளையில் தண்ணீரில் மூழ்கின குழந்தைக்கு முதல் வைத்தியர் யார்? பக்கத்தில் நிற்கும் நீங்கள்தானே!

நம் ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றுகிறார்கள், வயிற்றை அமுக்குகிறார்கள். இரண்டும் கெடுதல். மூச்சில்லாமல் மூளை சில நிமிஷங்களே தாங்கும். ஆகவே குழந்தையை மல்லாக்கக் கிடத்தி, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூச்சில்லையானால் மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து 5 முறை ஊத வேண்டும். கைக்குழந்தையானால் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி ஊதவேண்டும். அசைவில்லையேல் நடு மார்பை 30 முறை வேகமாய் அழுத்தி, 2 முறை ஊதி, உதவி வரும் வரை விடாமல் செய்யவேண்டும். மற்றொருவர் 108-ஐக் கூப்பிடட்டும்.

வெள்ளம் வடிந்தபின் வருவது வயிற்றுப்போக்கு. 1971-இல் வங்காள அகதிகள் முகாமில் காலரா வந்து, ஊசிவழி ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோன சமயத்தில், டாக்டர் திலீப் மகலநபீசு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துப் புகட்டச் செய்தார். 100-க்கு 30 பேர் வரை மாண்ட இடத்தில் 4 பேருக்கும் குறைவாயிற்று. புகட்டினவர்கள் படித்த வைத்தியர்களா? உங்களைப் போன்ற தாய் தகப்பன்மாரே!

காய்ச்சி ஆறின 1 லிட்டர் தண்ணீரில் 6 மட்டக் கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. கரண்டி என்பது தேக்கரண்டி. உப்பு மிஞ்சினால் ஆபத்து. சிறுகச் சிறுகப் புகட்டுங்கள்; தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கண் குழிந்து, குழந்தை துவண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

இதையெல்லாம் கற்காமல் இருந்துவிட்டு, குழந்தை செத்தால் “தலைவிதி” என்று சொல்லுவது யாரை ஏமாற்ற? ஆகையால் அடுத்த ஐப்பசி மழைக்கு முன் தெருவுக்குப் பத்துப் பேராவது, ஆண் பெண் இருபாலரும், ஆரம்ப சுகாதார நிலையத்தாரிடம் இதைக் கையால் செய்து பழகிக்கொள்ள வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம்.