ஆவணப் படத்தொழிலும் நமது கடமையும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



தமிழாசிரியராகிய எம்மைச் சினிமாவைப்பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தமை கண்டு சிலர் நகைத்திருத்தல் கூடும். ஏட்டுச்சுவடிக்கும் படச்சுருளுக்கும் யாது தொடர்பு என்று அன்னோர் வினவலாம். தொடர்பு உண்டென்பதையும், அதன்கண் நகரத்தாராகிய நமக்கு ஒரு பெருமையும், அப்பெருமையினும் பெரியதொரு கடனும் உளவென்பதையும் எடுத்துக்காட்டுதலே இன்று எமது நோக்கமாம்.

திரைப்படம் இருவகைத்து. நடிகரைக்கொண்டு புனைந்த கதையைக் காட்டுவது ஒன்று. நிகழ்ந்ததையும் நிகழ்வதையும் உள்ளவாறே பதிந்து காட்டுவது மற்றொன்று. பின்னதையே ஆவணப்படம் என்கின்றோம். உள்ளதைக் காட்டுவதென்றமையின் அஃது எளிதென்று கருதற்க. கிடைத்தனவற்றையெல்லாம் ஒட்டிவிடின் அது படமாகாது. தெரிதலும், விலக்குதலும், முறைப்படத் தொடுத்தலுமே அதற்கு உயிராவன.

இனி, இதனைத் தொழிலாக நடத்தும் கம்பெனியின் நிலையைச் சிறிது நோக்குவோம். கொள்முதல் இன்னது, விற்பனை இன்னது என்று பேரேட்டில் எழுதிக் கணக்குப் பார்த்தல் நம்மவர்க்கு இயல்பு. ஆவணப்படத் தொழிலிலோ செலவு முன்னே தெரியும், வரவு தெரியாது. பெயர்பெற்ற நடிகர் இல்லாமையின் கொட்டகைக்காரர் முன்பணம் தாரார். ஆதலின் அக்காலத்தில் இத்தொழிலை மிகுதியும் அரசாங்கமே கைக்கொண்டது. 1940இல் திரைப்பட ஆலோசனைக் குழுவும், 1943இல் இன்பர்மேஷன் பிலிம்ஸ் ஆப் இந்தியாவும், விடுதலைக்குப்பின் 1948இல் பிலிம்ஸ் டிவிஷனும் தோன்றின. அரசாங்கம் ஒப்பிய படங்களைக் கொட்டகைகள் காட்டியே தீரவேண்டுமென்று 1943இல் கட்டளையும் பிறந்தது. அத்தகைய கட்டளையின் துணையும் கருவூலத்தின் துணையும் இன்றித் தனித்து நின்று ஆவணப்படம் எடுத்தல் எத்துணை அருமையதென்பது சொல்லாமலே விளங்கும்.

அவ்வருமையை மேற்கொண்டவர் கோட்டையூரில் 1911ஆம் ஆண்டு பிறந்த ஏ. கே. செட்டியார் அவர்கள். இரங்கூனிலிருந்து வெளிவந்த 'தனவணிகன்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்த இவர், ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக்கலை பயின்றார். 1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து நோக்கிச் சென்ற 'சமாரியா' என்னும் கப்பலில் இருந்தபொழுது, காந்தியடிகளின் வாழ்வை ஆவணப்படமாக்குதல் வேண்டும் என்னும் எண்ணம் இவருள்ளத்து உதித்தது. அந்நாள் அடிகளின் பிறந்தநாளாதல் குறிக்கத்தக்கது. எண்ணிய அளவில் நில்லாது, 'டாக்குமெண்டரி பிலிம்ஸ் லிமிடெட்' என்னும் கம்பெனியை நிறுவி இவர் வேலையைத் தொடங்கினார்.

அடிகளின் பொதுவாழ்வு தென்னாப்பிரிக்காவில் தொடங்கிப் பல்லாண்டுகள் கடந்திருந்தது. கடந்த நாளை மீளப் படம்பிடித்தல் யார்க்கும் இயலாது. அவ்வப்பொழுது பிறர் எடுத்து வைத்த படங்களைத் தேடிப் பெறுதல் ஒன்றே வழி. அதன்பொருட்டு இவர் நான்கு கண்டங்களில் ஏறத்தாழ 1,00,000 மைல் பிரயாணம் செய்தார். முப்பதாண்டுக் காலத்தில் ஏறத்தாழ 100 படப்பிடிப்பாளர் எடுத்தவற்றினின்று 50,000 அடி நீளமுள்ள படச்சுருள்கள் திரண்டன. புதியனவாக எடுக்கவேண்டியவற்றிற்கு டாக்டர் பி. வி. பதி என்னும் ஒளிப்பதிவாளர் துணைநின்றார்.

மாணவர்கள் ஒரு கணக்கைச் செய்து பார்க்கலாம். பேசும்படச் சுருள் நிமிடத்திற்கு 90 அடி ஓடும். 50,000 அடியும் ஓடி முடிய ஒன்பது மணி நேரத்திற்கு மேலாகும். முடிந்த படமோ ஏறத்தாழ 12,000 அடி. அஃதாவது, இரண்டேகால் மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவு. கடல்கடந்து அரிதிற் பெற்றவற்றுள் நான்கில் மூன்று பங்கை விலக்கிவிட்டார் என்பது பெறப்படும். வருந்தித் தேடியதை வேண்டாவென்று ஒதுக்குதற்குத் தேடியதினும் மிக்க மனத்திட்பம் வேண்டும்.

ஏட்டுச்சுவடியின் தொடர்பு ஈண்டு விளங்கும். மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் ஊர்தொறும் சென்று ஏடுகளைத் தொகுத்து ஒப்புநோக்கிச் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தார்கள். ஐயரவர்கள் ஏட்டிற் செய்ததை இவர் படச்சுருளிற் செய்தார் என்றால் அது மிகையன்று.

'மகாத்மா காந்தி' என்னும் அப்படம் 1940ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் தமிழ் விளக்கவுரையோடு சென்னையில் வெளியாயிற்று. அன்று இவருக்கு வயது 28. பின்னர்த் தெலுங்கிலும் இந்தியிலும் அது மொழிமாற்றம் பெற்றது. 1947 ஆகஸ்டில் விடுதலை விழாவை ஒட்டிப் புதுதில்லியில் காட்டப்பெற்றது. 1953இல் அமெரிக்காவில் ஆங்கில வடிவமும் எய்திற்று. தாம் தொடங்கிய 'குமரி மலர்' என்னும் பத்திரிகையை 1983இல் மறையுமளவும் நடத்திய இப்பெரியாரை நம்மவரென்று சொல்லிக்கொள்ளுதல் நமக்கு உவகை தருவதே.

ஆயினும், அன்பர்களே, அப்படம் இன்று எங்கே? வரலாற்றறிஞர் ஆ. இரா. வேங்கடாசலபதி அவர்கள் பல்லாண்டு தேடி, ஆங்கில வடிவத்தின் படியொன்றை அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிற் கண்டெடுத்தார். தமிழ் முதல்வடிவம் அவருக்குக் கிட்டவில்லை. உலகெல்லாம் தேடித் தொகுத்தான் ஒரு தமிழன். தொகுத்ததைத் தமிழ்நாடு காத்துக்கொள்ளவில்லை. இதனினும் இரங்கத்தக்கது யாது?

படம் அழிவதற்குக் காரணங்கள் பல. பழைய நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும். பின்வந்த அசிடேட் சுருள் வெப்பத்தாலும் ஈரத்தாலும் சிதைந்து காடிநாற்றம் வீசும். சுருளிலுள்ள வெள்ளிக்காக உருக்கப்பட்டு ஒழிந்தவையும் பல. இக்காலத்துக் கணினித்தட்டும் பழுதுபடுவதே. படியெடுத்து வேறிடத்தும் வைத்தல் இன்றியமையாதது.

ஆதலின் யாம் வேண்டுவன மூன்று. முதலாவது, நம் வீட்டுப் பெட்டகங்களில் பர்மா, மலேயா, இலங்கை நாட்களின் புகைப்படமோ படச்சுருளோ இருப்பின், அவற்றைப் பழைய கருவியிலிட்டு ஓட்டாது, வல்லாரிடம் காட்டிப் படியெடுத்திடுக. திரைப்படச் சுருளாயின், 1964 முதல் புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் உளது. இரண்டாவது, படத்திலுள்ளார் பெயரையும் ஊரையும் ஆண்டையும் அறிந்த ஆச்சிமார் இருக்கும்பொழுதே கேட்டு எழுதுக. பெயர் அறியப்படாத படம் ஊமையாகிவிடும். மூன்றாவது, ஆவணப்படம் எடுக்க முனையும் இளைஞர்க்குப் பொருள் உதவுக. ஆனால், நம்மைப் புகழ்ந்தே எடுத்தல் வேண்டும் என்று விதியாதொழிக. பொருள் கொடுத்தார் விரும்பியதே காட்டும் படம் விளம்பரமாகுமேயன்றி ஆவணமாகாது. நம் முன்னோர் தேடிய செல்வத்தைக் காட்டுங்கால், அச்செல்வத்தால் நிலமிழந்தாரையும் காட்டும் துணிவு படமெடுப்பார்க்கு வேண்டும்; அதனைப் பொறுக்கும் பெருந்தன்மை நமக்கு வேண்டும். செட்டியாரவர்கள் தம் குலப்புகழைப் பாட ஒரு படம் எடுத்தாரல்லர். அதனாலேயே இன்று குலம் அவர் புகழைப் பேசுகின்றது.

அவர் பெயரை மேடையில் மொழிவதினும், வீட்டுப் பெட்டகத்தை ஒருமுறை திறந்து பார்த்தலே அவர்க்கு நாம் செய்யும் மெய்யான கைம்மாறாகும்.