வீட்டுக்குக் கண் சன்னல்

(காப்பாரில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே தகவல் அதிகாரி ஒருவர் நிகழ்த்திய உரை)



பால்வெட்டும் தொழிலாளியின் வீடு பெரும்பாலும் விடியுமுன்பே பூட்டப்படுகிறது. அவர் வேலை முடிந்து திரும்பும்போது வெயில் உச்சிக்கு வந்துவிடுகிறது. அத்தனை நேரமும் அடைந்து கிடந்த அறைக்குள் புழுக்கம்தான் அவரை வரவேற்கிறது. இந்நிலையை மாற்ற வல்லது சன்னல். எனினும் தாமானில் வீடு பார்க்கப் போகிறவர்கள் கூரையையும் தரையையும் பார்க்கின்றனர். சன்னலை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

முதலில் அளவைக் கூறுகிறேன். 1984ஆம் ஆண்டின் சீரான கட்டட விதிகளின்படி, குடியிருக்கும் அறையின் சன்னல் பரப்பு தரைப்பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. காற்று தடையின்றிப் புகும் திறப்பு 5 விழுக்காடாவது இருத்தல் வேண்டும். பத்தடிக்குப் பத்தடி அறைக்குப் பத்துச் சதுர அடிச் சன்னலும், ஐந்து சதுர அடித் திறப்பும் தேவை என்பது இதன் பொருள். இழுத்துத் திறக்கும் சன்னலில் பாதிதான் திறக்கும்; வெளிப்புறம் திறக்கும் சன்னலில் ஏறக்குறைய முழுவதும் திறக்கும். விலையை மட்டும் கேளாமல் திறப்பையும் கேளுங்கள்.

அடுத்தது திசை. மேற்குச் சன்னல் பிற்பகல் வெயிலை உள்ளே அழைத்துவரும். கடலை அடுத்த நம் வட்டாரத்தில், சுமத்திராப் பக்கமிருந்து வரும் விடியற்காலைப் புயல்மழையும் அத்திசையிலேயே அடிக்கும். ஆகவே அங்குள்ள சன்னலுக்கு மேலே அகலமான மறைப்பு அவசியம். எதிரெதிரே இரு சன்னல்கள் அமைந்தால் காற்று ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளியேறும். காசநோய்க் கிருமி அடைபட்ட காற்றில் தங்குவது என்பதை மறவாதீர்கள்.

சட்டத்திற்கு ரப்பர் மரம் ஏற்றதா என்று சிலர் கேட்கின்றனர். மேசை நாற்காலிக்கு அது நல்ல மரமே. ஆனால் மழையில் நனையும் இடத்தில் பூஞ்சணமும் வண்டும் அதனை எளிதில் அழித்துவிடும். அலுமினியச் சட்டம் துருப்பிடிக்காது.

இனி, மிக முக்கியமானதைச் சொல்லுகிறேன். திருடனுக்கு அஞ்சி எல்லாச் சன்னல்களுக்கும் இரும்புக் கம்பி அடித்து விடுகிறோம். இரவில் தீப்பிடித்தால், வாசல் வழி அடைபட்டால், பிள்ளைகள் எவ்வழியே வெளியேறுவர்? இந்நாட்டில் கம்பிக்குப் பின்னால் சிக்கி மாண்ட குடும்பங்கள் உண்டு. ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒரு கம்பிச் சட்டமாவது திறக்கக்கூடியதாக இருக்கட்டும். சாவி அறைக்குள்ளேயே, வெளியிலிருந்து கை எட்டாத ஓரிடத்தில் எப்போதும் தொங்கட்டும். பிள்ளைகளுக்கு அதனைத் திறக்கப் பழக்குங்கள். திருடனுக்குப் போட்ட பூட்டு நம்மையே சிறைவைத்துவிடக் கூடாது.

பராமரிப்பு எளியது. கீல்களுக்கு எண்ணெய் இடுங்கள். கடற்காற்றால் கம்பியில் துரு தெரிந்தால் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சும் சாயமும் பூசுங்கள். இழுப்புச் சன்னலின் தடத்தில் மண் அடைந்தால் மழைநீர் வீட்டுக்குள் வழியும்; தூரிகையால் துடைத்தெடுங்கள். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு காலையிலும் மாலையிலும் கடிப்பது. எனவே வலை பொருத்துங்கள். தூசு படிந்த வலை காற்றைத் தடுக்கும். அதனை அவ்வப்போது கழுவுங்கள். புகைமூட்ட நாட்களில் மட்டும் சன்னல்களை மூடி வையுங்கள். 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் புகையினால் அவசரநிலை அறிவிக்கப்பட்டதை இங்குள்ள பலர் அறிவீர்கள்.

தோட்ட நிருவாகம் தந்த வீட்டில் இருப்போர்க்கும் ஒரு சொல். 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டப்படி, அவ்வீட்டைப் பழுதின்றி வைத்திருப்பது முதலாளியின் கடமை. உடைந்த சன்னலைச் சாக்கினால் அடைத்துவிட்டு வாளாவிருக்க வேண்டாம். நிருவாகத்திற்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். பயனில்லையெனில் தொழிலாளர் இலாகாவை நாடுங்கள்.

இன்று வீடு திரும்பியதும் ஒரு காரியம் செய்யுங்கள். படுக்கையறைச் சன்னலின் கம்பியைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லையெனில், நாளை செய்ய வேண்டிய முதல் வேலை அதுவே.