வளைவில் வருகிற கோல்



நம்ம லயத்துல இப்போ போன் இல்லாத காம்பரா இல்லை. நல்லதுதான். கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளையின் குரலை ராத்திரியில் கேட்கிறோம். ஆனால் ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலை ரோட்டில் இறங்கும்போதும் அதே போன் காதில் இருக்கிறதே!

மணிக்கு 40 கிலோமீற்றரில் போகிற வண்டி ஒரு செக்கனில் 11 மீற்றர் ஓடும். யார் எடுப்பது என்று 3 செக்கன் குனிந்து பார்த்தால், 33 மீற்றர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினதுக்குச் சமம். ஏறக்குறைய பத்துக் காம்பரா லயத்தின் நீளம். அதற்குள் வளைவு வந்துவிடும், பனிக்குள்ளிருந்து கொழுந்து லொறியும் வரும். காதில் வயர் மாட்டினால் கைதான் சும்மா இருக்கும், புத்தி பேச்சிலேதான்.

கையில் போனோடு ஓட்டுவது சட்டப்படி குற்றம். பேசத்தான் வேண்டுமென்றால் வளைவு தாண்டி, அகலமான இடத்தில் நிறுத்துங்கள்.

டிரைவரை மட்டும் ஏசிப் பிரயோசனமில்லை. “எங்க வாறீங்க?” என்று நாலு தரம் எடுக்கிறது வீட்டிலுள்ள நாம்தானே? ஒருதரம் எடுத்து, பதில் இல்லையென்றால் வைத்துவிடுவோம். டவுனில் நிறுத்தினதும் அவரே எடுப்பார்.

விபத்தென்றால் 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள். காசு இல்லை.