ஒரு நாள் பேரும் அதன் எடையும்: மலையகத் தோட்டங்களில் குறைந்தபட்சச் சம்பள விவாதம்

தொழிலாளி ஒருவருக்கு இதற்குக் கீழே கூலி கொடுக்கலாகாது என்று சட்டம் வகுக்கும் எல்லையே குறைந்தபட்சச் சம்பளம் எனப்படும். அந்த எல்லையை உயர்த்த வேண்டும் என்ற கோரிக்கை எந்த நாட்டில் எழுந்தாலும் ஏறக்குறைய ஒரே வகையான இரண்டு வாதங்கள் எதிரெதிரே வந்து நிற்கின்றன: உழைப்பவரின் அடுப்பு எரிவதற்கு இந்த உயர்வு இன்றியமையாதது என்கிறது ஒன்று; கூலி உயர்ந்தால் முதலாளி ஆட்களைக் குறைப்பார், முடிவில் தொழிலாளியே நட்டமடைவார் என்கிறது மற்றொன்று. இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இந்த விவாதம் ஒரு நூற்றாண்டுக் காலமாக ஓயாமல் நடந்துவருகிறது. அங்கே சம்பளம் என்பது நாளோடு மட்டுமன்றிப் பறித்த கொழுந்தின் எடையோடும் கட்டப்பட்டிருப்பதால், பொதுவான பொருளியல் நூல்கள் எளிதில் தொட்டுச் செல்லாத பல கேள்விகள் அந்த மலைகளில் துலக்கமாகத் தெரிகின்றன.

தோட்டத் தொழிலாளருக்குச் சட்டவழியான குறைந்தபட்சச் சம்பளம் என்ற ஏற்பாடு, இலங்கையின் பிற தொழிலாளர் பலருக்குக் கிடைப்பதற்கு முன்னரே கிடைத்தது என்பது நேயர்கள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். தென்னிந்தியாவிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட தொழிலாளரின் நிலை குறித்து அன்றைய இந்திய அரசு கொடுத்த அழுத்தத்தின் விளைவாக 1927ஆம் ஆண்டில் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் இயற்றப்பட்டது. 1929இல் நடைமுறைக்கு வந்த விகிதங்களின்படி, உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் சிறுவருக்கு 32 சதமும் விதிக்கப்பட்டன. உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது இந்த எல்லையே கீழே இறக்கப்பட்டது. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். அதற்கு அடுத்த ஆண்டில், முதலாளிகள், தொழிலாளர், அரசால் நியமிக்கப்படுவோர் ஆகிய முத்தரப்பும் அமர்ந்து சம்பளத்தை முடிவு செய்யும் சம்பள நிர்ணய சபைகளுக்கான சட்டம் வந்தது. கொழுந்து பறிப்பதில் ஆணைவிடத் திறன் மிகுந்தவர்கள் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பெண்களுக்கு ஆணுக்கு நிகரான நாட்சம்பளம் கிடைக்க 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1970களில் அரசுடைமையான தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்ட பின்னர், சம்பளம் பெரும்பாலும் கூட்டு ஒப்பந்தத்தின் வழியே முடிவாகியது. கூட்டு ஒப்பந்தம் என்பது முதலாளிமார் சம்மேளனமும் தொழிற்சங்கங்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அமர்ந்து கையெழுத்திடும் உடன்படிக்கை. 2013இல் 620 ரூபாய், 2016இல் 730 ரூபாய், 2019இல் 750 ரூபாய் என்று ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் நாளேடுகளின் தலைப்பில் ஏறிய தொகைகளைப் பார்த்தால் ஏணிப்படிபோல் தோன்றும். ஆனால் அந்தத் தொகைகளுக்குள்ளே என்ன இருந்தது என்பதில்தான் விவாதத்தின் உயிர் இருக்கிறது.

2016இன் 730 ரூபாயை எடுத்துக்கொள்ளலாம். அதில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய் மட்டுமே. உற்பத்தித் திறனுக்காக 140, ஒழுங்காக வேலைக்கு வந்ததற்காக 60, தேயிலை விலையில் பங்காக 30 என்று மீதி 230 ரூபாய் நிபந்தனைகளோடும் படிகளோடும் ஒட்டியிருந்தது. மாதத்தில் குறித்த விகிதத்துக்கு மேல் நாட்கள் தவறினாலோ, குறித்த கிலோ வராவிட்டாலோ அந்தப் படிகள் உதிர்ந்துவிடும். காய்ச்சலில் கிடந்த குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்ற தாய்க்கு 730 என்பது செய்தித்தாளில் மட்டுமே இருந்த தொகை. 2019 ஜனவரியில் அடிப்படை 700 ரூபாயாக உயர்ந்தபோது, சங்கங்கள் இதை 40 விழுக்காடு உயர்வு என்று அறிவித்தன. வருகைப் படியும் உற்பத்தித் திறன் படியும் நீக்கப்பட்டதைக் கண்ட தொழிலாளர்களோ 730 போய், விலைப் பங்கையும் சேர்த்து 750 வந்திருக்கிறது, ஆக 20 ரூபாய்தான் கூடியிருக்கிறது என்று கொதித்தார்கள். இரண்டு கணக்குகளும் சரியானவையே. எல்லாப் படிகளையும் முழுமையாகப் பெற்றுவந்தவருக்கு 20 ரூபாயும், ஒரு படியையும் எட்டாதவருக்கு அதைவிடப் பல மடங்கும் கூடின. அதற்கும் மேலாக, ஊழியர் சேமலாப நிதி எனப்படும் ஓய்வுக்காலச் சேமிப்புக்கு முதலாளி செலுத்தும் 12 விழுக்காடு இந்தப் படிகள் மீதன்றி அடிப்படை மீதே கணக்கிடப்பட்டது. சேவை முடிவில் ஆண்டுக்கு 14 நாள் சம்பளம் என்ற அளவில் கிடைக்கும் பணிக்கொடையும் அவ்வாறே. 30 ஆண்டு உழைத்து ஓய்வுபெறும் ஒருவருக்கு 500 ரூபாய் அடிப்படையில் 2,10,000 ரூபாயாக இருக்கும் பணிக்கொடை 700 ரூபாய் அடிப்படையில் 2,94,000 ரூபாயாகும். படியாகத் தருவதைவிட அடிப்படையாகத் தருவது ஏன் முக்கியம் என்று கேட்கும் இளைய நேயர்கள் இந்தக் கணக்கைத் தங்கள் சம்பளப் பட்டியலில் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

இனி, இவ்விவாதத்தில் பொருளியலாளர்கள் குறைவாகவும் தொழிலாளர்கள் மிகுதியாகவும் பேசும் இடத்துக்கு வரவேண்டும். அது கொழுந்து நிறுக்கும் இடம். விடிந்ததும் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் அவர்கள் பிரிக்கப்பட்டு மலைக்கு அனுப்பப்படுகிறார்கள். இடுப்பில் படங்குத் துணி கட்டி, முதுகில் கூடையோ பையோ தொங்க, நிரைபிடித்து ஏறும் பெண்கள் ஈரிலையும் ஒரு குருத்துமாகக் கிள்ளிய கொழுந்தை நாளில் இரண்டு அல்லது மூன்று முறை கொழுந்துக் கொட்டகையான மடுவத்துக்கோ நிறுக்கும் இடத்துக்கோ கொண்டுவந்து தராசில் மாட்டுகிறார்கள். கணக்கப்பிள்ளை எடையைச் சொல்லிப் பதிவு செய்கிறார். பதிவாகும் எடை தராசு காட்டிய எடையாக இருப்பதில்லை. கூடைக்கு, இலையிலுள்ள ஈரத்துக்கு, முற்றல் இலைக்கு என்று ஒவ்வொரு நிறுவையிலும் ஏதோ ஓர் அளவு கழிக்கப்படுகிறது. மழைநாளில் ஈரம் இருப்பது உண்மையே. வெயில் காய்ந்த நாளிலும் அதே கழிவு தொடர்வது ஏன் என்பதே அந்த வரிசையில் நிற்பவர்கள் தலைமுறைகளாகக் கேட்டுவரும் கேள்வி. நாள் முடிவில் கூட்டுத்தொகை தோட்டம் குறித்த அளவை எட்டினால் தொழிலாளிக்கு ஒரு முழு நாள் பதிவாகும், அதாவது ஒரு ‘பேர்’ விழும். எட்டாவிட்டால் ‘அரைப்பேர்’ விழும், அல்லது பறித்த கிலோவுக்கு மட்டும் காசு கிடைக்கும். அரைப்பேர் என்றால் பாதிச் சம்பளம். காலையிலிருந்து மாலை வரை மலையில் நின்ற கால்களுக்கு அது முழு நாள். செக்ரோல் எனப்படும் வருகைப் பதிவேட்டில் அது பாதி நாள்.

ஆகவே நாளொன்றுக்கு இத்தனை ரூபாய் என்று வர்த்தமானியில் அச்சிடப்படும் தொகை, இத்தனை கிலோவுக்கு என்ற தொடரோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் பொருள் பெறுகிறது. நாட்சம்பளம் 1000 ரூபாயாக இருக்கும்போது 16 கிலோ பறிக்க வேண்டுமெனில் கிலோவுக்கு 62 ரூபாய் 50 சதம் விழுகிறது; அதே 1000 ரூபாய்க்கு 20 கிலோ கேட்கப்பட்டால் கிலோவுக்கு 50 ரூபாய்தான். சட்டத்தின் ஓர் எழுத்தையும் மீறாமல் உழைப்பின் விலையை ஐந்தில் ஒரு பங்கு குறைத்துவிட முடிகிறது. பறிக்க வேண்டிய கிலோவும் வயதான செடிகள் நிறைந்த, பல மாதங்களாகக் களை எடுக்கப்படாத மலைக்கும், நன்றாக உரமிட்டுக் கவாத்து செய்த மலைக்கும் ஒன்றாகவே இருந்தால், நிர்வாகம் செடியில் செய்யத் தவறிய முதலீட்டின் நட்டத்தைக் கூடை சுமப்பவர் ஏற்க நேர்கிறது.

கம்பனிகளின் வாதத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். தேயிலையின் விலையைத் தோட்டம் தீர்மானிப்பதில்லை, கொழும்பு ஏலமும் உலகச் சந்தையுமே தீர்மானிக்கின்றன. உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் கூலிக்கே போகிறது. நாட்டின் தேயிலையில் பெரும்பகுதியைத் தரும் சிறுதோட்ட உரிமையாளர்கள் கிலோக் கணக்கில் கூலி கொடுக்கிறார்கள்; லயன் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளையும் மருத்துவ நிலையங்களையும் பராமரிக்கும் சுமையும் அவர்களுக்கு இல்லை. எனவே விளைச்சலோடு இணையாத சம்பள உயர்வு தோட்டங்களை மூடவே வழிசெய்யும் என்பது கம்பனிகளின் கூற்று. இவற்றில் உண்மை இருக்கிறது. ஆயினும், கூலி உயர்ந்தால் வேலை குறையும் என்ற விதி எல்லா இடத்திலும் ஒரே வகையில் செயல்படுவதில்லை என்பதைப் பொருளியலே கண்டிருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் 1992இல் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டொலரிலிருந்து 5.05 டொலராக உயர்த்தியபோது, உயர்த்தாத அண்டை மாநிலமான பென்சில்வேனியாவோடு ஒப்பிட்டு ஆராய்ந்த டேவிட் கார்ட், அலன் குரூகர் ஆகிய இருவரும், துரித உணவகங்களில் எதிர்பார்க்கப்பட்ட வேலையிழப்பு நிகழவில்லை என்று 1994இல் எழுதினார்கள். அந்த முடிவு இன்றும் விவாதிக்கப்படுகிறது. என்றாலும் கார்டுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைப்பதற்கு இத்தகைய ஆய்வுகளே காரணமாயின.

அதற்கு முன்னரே, 1933இல், ஜோன் ராபின்சன் என்ற பொருளியலாளர், ஓர் ஊரில் உழைப்பை வாங்குபவர் ஒருவரே இருந்தால் என்ன நேரும் என்று ஆராய்ந்திருந்தார். போட்டிக்கு ஆளில்லாத அந்த ஒற்றை முதலாளி, உழைப்பின் மதிப்பைவிடக் குறைவாகக் கூலி கொடுக்கிறார். குறைவாகக் கொடுப்பதால் அவருக்குத் தேவையான அளவு ஆட்கள் கிடைப்பதுமில்லை. மலையகத் தோட்டத்தை இந்த விளக்கத்தோடு பொருத்திப் பார்க்கையில் பல புதிர்கள் விடுபடுகின்றன. தொழிலாளி குடியிருக்கும் லயன் அறை தோட்டத்துக்குச் சொந்தம்; அறைக்கு முன்னாலுள்ள மரக்கறிப் பாத்தியும் தோட்டத்துக்குச் சொந்தம்; குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதியாவிட்டால் குடியிருப்பே கேள்விக்குள்ளாகும் என்ற அச்சம் உண்டு. இந்த நிலையில் பக்கத்துத் தோட்டத்தோடு கூலியை ஒப்பிட்டு இடம்மாறும் சுதந்திரம் பெயரளவிலேயே இருக்கிறது. 1992இல் கம்பனித் தோட்டங்களில் மூன்று இலட்சத்துக்கு மேல் இருந்த தொழிலாளர் தொகை இன்று அதில் பாதியும் இல்லை. சம்பளம் மிகையாக ஏறியதால் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள் என்று சொல்ல இயலாது, கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் மத்திய கிழக்கு வீடுகளிலும் கிடைத்த சம்பளத்தைத் தேடி அவர்களே சென்றார்கள். ஆள் பற்றாக்குறை என்று நிர்வாகங்களும், கூலி போதவில்லை என்று தொழிலாளரும் ஒரே நேரத்தில் முறையிடும் இடத்தில் கூலி உயர்வு வேலையைக் குறைக்கும் என்ற எச்சரிக்கை வலுவிழந்து போகிறது.

2015 முதல் ஒலித்த ஆயிரம் ரூபாய்க் கோரிக்கைக்காக 2018 ஒக்டோபரில் மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் கொழும்பு காலிமுகத்திடலில் திரண்டார்கள். 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியே, அடிப்படை 900, வரவு செலவுத் திட்ட நிவாரணப் படி 100 என்று ஆயிரம் வந்தது. கம்பனிகள் நீதிமன்றத்தை நாடின. கூட்டு ஒப்பந்தம் செயலிழந்தது. பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கிலோ கூட்டப்பட்டதாகவும் மாதத்தில் வேலை தரப்படும் நாட்கள் குறைக்கப்பட்டதாகவும் தொழிலாளர்கள் முறையிட்டார்கள். வேலையிழப்பு என்று அஞ்சப்பட்டது வேறொரு வடிவில், நாட்களின் குறைப்பாகவும் எடையின் கூட்டலாகவும் வந்தது. அடுத்த ஆண்டில் நாணயம் சரிந்து, டொலருக்கு 200 ரூபாய் என்றிருந்தது 360 ஆனபோது, ஐந்து டொலராக இருந்த அந்த ஆயிரம் மூன்று டொலருக்கும் கீழே இறங்கியது. 2024 மே மாதம் அறிவிக்கப்பட்ட 1700 ரூபாய்க்கு ஜூலையில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க, பின்னர் 1350 ரூபாய் முடிவாகியது. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் அதை 1550 ஆக்கி, வருகைக்காக அரசின் பங்காக நாளொன்றுக்கு 200 ரூபாயையும் சேர்த்து 1750 ரூபாயை முன்மொழிந்தது. வருகையோடு கட்டிய படி மீண்டும் வந்திருக்கிறது என்பதையும், இம்முறை அதைப் பொதுமக்களின் வரிப்பணம் ஏற்கிறது என்பதையும் நேயர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மாதத்தில் 25 நாள் வேலை கிடைத்தால் 1550 ரூபாய் 38,750 ஆகும். 13 நாள் மட்டும் கிடைத்தால் 20,150 தான். 2026 ஜனவரி முதல் நாட்டின் பொதுவான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய் என்ற சட்டத்தோடு இந்த இரண்டாவது தொகையை வைத்துப் பார்த்தால், தோட்டத்தில் நாட்களின் எண்ணிக்கையும் சம்பளத்தின் ஒரு பகுதியே என்பது தெளிவாகும். அடுத்த முறை சம்பள நிர்ணய சபை கூடும்போது ரூபாயோடு நின்றுவிடாமல், மாதத்தில் தரப்பட வேண்டிய வேலைநாட்கள், மலையின் விளைச்சலுக்கேற்பப் பறிக்க வேண்டிய கிலோ, நிறுவையில் கழிக்கக்கூடிய உச்ச அளவு ஆகிய மூன்றையும் அதே வர்த்தமானியில் எழுத வேண்டும். ஒவ்வொரு நிறுவையின் முடிவிலும் தராசு காட்டிய எடையையும் கழித்த எடையையும் தனித்தனியே காட்டும் சீட்டு ஒன்று பறித்தவரின் கைக்கு வர வேண்டும். அதற்குப் பெரிய செலவில்லை, மின்தராசுகள் பல தோட்டங்களுக்கு வந்துவிட்டன. அந்தச் சீட்டைக் கேட்கும் குரல்கள் அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் இருக்குமென்று நம்பலாம்.