முதுசமும் தேட்டமும்

(யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



படைக்குச் சென்ற தந்தையோ தாயோ தம் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லும் செல்வம் எது என்பதே எனக்குத் தரப்பட்ட பொருள். சட்டம் பயின்றவனாதலால் தேசவழமையின் சொற்களைக் கொண்டே தொடங்குகிறேன். பெற்றோர் வழியாக வருவது முதுசம். மணவாழ்வில் உழைத்துச் சேர்ப்பது தேடிய தேட்டம். இவ்வேறுபாட்டை இங்கு அமர்ந்திருக்கும் கமக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அப்படியாயின், படையிற் சேவித்தவரின் பெருமை பிள்ளைகளுக்கு முதுசமா, தேட்டமா?

மலாயாவில் உத்தியோகம் பார்த்து முதுமையில் ஊர் திரும்பிய ‘மலாயன் பென்சனியர்’களை நம் கிராமங்கள் நன்கறிந்திருந்தன. அங்கேயே தங்கிவிட்ட குடும்பங்களும் பல. அத்தகைய இலங்கைத் தமிழ்க் குடும்பமொன்றில், 1927இல் ஈப்போ நகரிற் பிறந்தவர் இராசம்மா நவரத்தினம். பின்னாளில் இராசம்மா பூபாலன். 1943இல் சுபாஸ் சந்திர போஸ் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையை அமைத்தார். இராசம்மாவும் அவர் சகோதரி பொன்னம்மாவும் அதிற் சேர்ந்தனர். இரப்பர்த் தோட்டங்களிற் பாலெடுத்த தமிழ்ப் பெண்கள் பலர் அப்படையில் இருந்தனர். இந்திய மண்ணைக் கண்ணாலும் காணாத பலர், அதன் விடுதலைக்காகப் பர்மா வரை சென்றனர். முன்னணிச் சமருக்கு அவர்கள் அனுப்பப்படவில்லை. ஆயினும் பர்மாவிலிருந்து பின்வாங்கிய துன்பம் அனைத்தையும் அனுபவித்தனர்.

புகழ வந்தவன் உண்மையை மறைத்தல் ஆகாது. போசுக்குத் துணைநின்ற அதே ஜப்பானியரே தோட்டத் தமிழரைச் சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்கு இழுத்துச் சென்றனர். ஏறத்தாழ 415 கிலோமீற்றர் நீண்ட அப்பாதையில் ஆயிரக்கணக்கான தமிழர் மாண்டனர். இதைச் சொல்வதால் அப்பெண்களின் துணிவு குறையாது; சொல்லாவிட்டால் வரலாறு குறையும்.

போருக்குப் பின் இராசம்மா செய்தது என்ன? ஆசிரியரானார். 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தை அமைத்து, ஆணுக்கு நிகரான சம்பளம் பெண்ணுக்கும் வேண்டுமெனப் போராடினார். அப்படையின் தலைவியாக விளங்கிய, சென்னையிற் பிறந்த டாக்டர் லட்சுமி, கான்பூரில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். 1984இல் போபால் நகரை நச்சுவாயு சூழ்ந்தபோது அங்கும் விரைந்தார். தொண்ணூறு வயதைக் கடந்தும் நோயாளரைக் கவனித்த அவர், 2012இல் மறைந்தபோது தம் உடலையும் மருத்துவக் கல்லூரிக்கே ஈந்தார். மகள் சுபாஷிணி அலி அதே கான்பூரின் பாராளுமன்ற உறுப்பினரானார். தாயின் பெயரை அவர் முதுசமாகப் பெற்றார். அதன்மேல் தம் உழைப்பால் தேட்டமும் சேர்த்தார்.

ஆனால் முதுசத்துக்கும் ஆதாரம் வேண்டுமல்லவா? 1945 யூலையில், மாண்ட இந்திய தேசிய இராணுவத்தினருக்குச் சிங்கப்பூர்க் கடற்கரையில் நினைவுச்சின்னம் எழுப்பப் போஸ் அடிக்கல் நாட்டினார். சில வாரங்களில் திரும்பிவந்த பிரித்தானியர் அச்சின்னத்தைத் தகர்த்தனர். அவ்விடத்தை நினைவூட்டும் பலகை ஒன்று 1995இலேயே வந்தது. அதே தீவின் கிராஞ்சியில், பிரித்தானியர் பக்கத்திற் போரிட்டு உடலும் கிடைக்காத 24,000 பேருக்கு மேற்பட்டோரின் பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் இந்தியச் சிப்பாய்களின் பெயர்களும் உண்டு. அவர்களும் ஏழை வீட்டுப் பிள்ளைகளே. அந்தக் கௌரவம் அவர்களுக்கு உரியதே. ஆயினும் அரசு ஏற்றுக்கொண்டவரின் பெயரைக் கல் காக்கிறது. ஏற்காதவரின் பெயரை வீடுதான் காக்கவேண்டும்.

வீடு காக்கத் தவறினால் நட்டம் பெருமைக்கு மட்டுமன்று. 1972இல் இந்திய அரசு விடுதலைப் போராட்டத்தினருக்கும் அவர்தம் விதவையருக்கும் ஓய்வூதியம் வகுத்தபோது, இந்திய தேசிய இராணுவத்தினரும் அதில் அடங்கினர். ஆனால் சிறையிருந்தமைக்குச் சான்று கேட்கப்பட்டது. சான்று இல்லாதவர் கந்தோர் படிகளும் நீதிமன்றப் படிகளும் ஏறினர். குற்றவழக்கிற் கேட்பது போன்ற கண்டிப்பான நிரூபணத்தை இத்தகையோரிடம் கேட்கலாகாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் கூறியது 2001இல். அதற்குள் கண்மூடிய முதியவர் எத்தனை பேர்!

அன்பர்களே, அரைப் பரப்புக் காணிக்கும் உறுதி எழுதிப் பெட்டகத்தில் வைப்பவர் நாம். நம் குடும்பத்தவர் சிந்திய இரத்தத்துக்கு உறுதி எங்கே? இன்றிரவே வீட்டுப் பெட்டியைத் திறவுங்கள். பழைய கடிதம், படம், சேவைச் சான்று எதையும் எறியாதீர்கள். முதியோரை இருத்திக் கேளுங்கள். பெயர், ஊர், படை, ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். அவர் எந்தப் பக்கம் நின்றிருந்தாலும் எழுதுங்கள். பெருமை தருவதையும் எழுதுங்கள்; வெட்கம் தருவதையும் எழுதுங்கள். எழுதியதற்கு ஒரு பிரதி எடுத்து ஊர் வாசிகசாலையிற் கொடுங்கள்.

எழுதி முடித்தால் கடமை முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். உறுதி இருந்தும் உழாத காணியைப் பற்றை மூடும். முன்னோர் பெயரைச் சொல்லிச் சலுகை கேட்பவன் முதுசத்தை விற்று உண்பவன். அப்பெயருக்கேற்ப ஊருக்கு உழைப்பவனே அதற்குத் தேட்டம் சேர்ப்பவன். இவ்விருவருள் நாம் யார் என்பதை நம் பிள்ளைகள் தீர்ப்பர்.