போன் செய்யும் ஊரில் வேலைக்குச் சேருமுன்

(உரையின் எழுத்து வடிவம்)



ஓசூர்னு சொன்னாலே ரொம்ப காலமா லாரி, பைக், வாட்ச்தான் ஞாபகம் வரும். அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் எல்லாம் இங்கே வளர்ந்த நிறுவனங்கள். இப்போ அந்த வரிசையில் கைப்பேசியும் சேர்ந்திருக்கு. உத்தனப்பள்ளி பக்கம் கூத்தனப்பள்ளியில் உள்ள டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனுக்கான உடற்கூடு தயாராகுது.

ஏன் இங்கே? பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர்தான். தேசிய நெடுஞ்சாலை 44 ஊர் வழியாகவே போகுது. 1970-களில் சிப்காட் வந்ததிலிருந்து இயந்திர வேலை பழகிய ஊர் இது.

ஆனா, ஆலை வந்தாச்சு, இனி கவலையில்லைன்னு இருக்க முடியாது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பர் 1-ல் உற்பத்தியை நிறுத்தியது. நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கினாலும், வரி வழக்கால் இந்த ஆலை அதன் கைக்குப் போகலை, ஆர்டரும் நின்னுபோச்சு. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தாங்க.

ஒரே நிறுவனத்தை நம்பியிருந்தால் வரும் ஆபத்து அது. போனைப் பொருத்துவதோடு நிற்காமல் உதிரிபாகங்களையும் இங்கேயே செய்ய, 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு தனித் திட்டம் கொண்டுவந்தது. பாகம் செய்யும் ஆலை பல நிறுவனங்களுக்குக் கொடுக்கலாம். ஒரு ஆர்டர் போனாலும் இன்னொன்று தாங்கும்.

வேலைக்குச் சேருகிற நீங்க கவனிக்க வேண்டியது நாலு விஷயம்:

1. நியமனக் கடிதம் கேட்டு வாங்குங்க. முதலாளி கம்பெனியா, கான்ட்ராக்டரான்னு அதில் பாருங்க.

2. வேலை வாங்கித் தர்றேன்னு யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீங்க.

3. பிஎஃப் கணக்கின் யுஏஎன் எண்ணைக் குறிச்சு வைங்க. உமாங் செயலியில் மாதாமாதம் பணம் ஏறுதான்னு பாருங்க.

4. பயிற்சி முடிச்சா சான்றிதழ் வாங்குங்க. அடுத்த வேலைக்கு அதுதான் கைகொடுக்கும்.

புகார் இருந்தா முதல்வரின் உதவி மையம் 1100. பெண்களுக்கு 181.

தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் புழங்கும் எல்லை ஊர் இது. ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண்களும் இங்கே வேலை பார்க்கிறாங்க. பக்கத்தில் இருக்கிறவங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியலைன்னா, இந்த ரெண்டு எண்ணையும் அவங்க போனில் நீங்களே பதிஞ்சு கொடுங்க.