குழந்தைக்கும் தொழில் உண்டு

இலக்கணம் பயின்றவர்கள் தொழிற்பெயரை மறந்திருக்கமாட்டார்கள். உண்ணல், உடுத்தல், எழுதுதல், ஆடல் என்பன தொழிற்பெயர்கள். இங்கே தொழில் என்பது ஊதியத்துக்குச் செய்யும் வேலையன்று; செயல் என்பதே அதன் பொருள். ‘ஆக்குபேஷனல் தெரபி’ என்னும் மருத்துவத் துறையின் பெயரைக் கேட்டு, “குழந்தைக்கு ஏது தொழில்?” என வியப்போர்க்கு இதுவே விடை. சோற்றைப் பிசைந்து உண்பதும், சட்டைப் பொத்தானை மாட்டுவதும், பென்சில் பிடிப்பதும், தோழரோடு விளையாடுவதும் குழந்தையின் தொழில்கள். பெருமூளை வாதம், ஆட்டிசம் போன்றவற்றால் இச்செயல்களில் இடர்ப்படும் குழந்தைக்கு, அவற்றைச் செய்வதற்கான வழியைக் கண்டு தருவதே இச்சிகிச்சை.

அமெரிக்காவில் பிறந்து, இந்தியர் ஒருவரை மணந்து, இந்நாட்டையே தம் நாடாகக் கொண்ட கமலா நிம்ப்கர் அம்மையார், பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் 1950-ஆம் ஆண்டில் இக்கல்விக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். நம் நாட்டில் இத்துறைக் கல்வி வேரூன்றியது அங்கேதான். 1952-இல் இத்துறையினருக்கென அகில இந்தியச் சங்கமும் அமைந்தது. இன்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி முதலாகப் பல இடங்களில் இப்படிப்பு நடைபெறுகிறது. 2021-இல் நாடாளுமன்றம் இயற்றிய துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்டத்திலும் இத்தொழில் இடம்பெற்றுள்ளது.

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்ற ஒரு மாணவி இத்துறையை நாடுகிறாள் என்று கொள்வோம். அவள் நான்காண்டுகளுக்கு மேல் பயில வேண்டும். மருத்துவமனைப் பயிற்சிக் காலமும் அதில் அடங்கும். உடற்கூறு, உடலியங்கியல், நரம்பியல், உளவியல் ஆகியன பாடங்கள். பட்டம் பெற்றபின், விரும்பினால், முதுகலைப் படிப்பில் குழந்தைகள் பிரிவைச் சிறப்பாகப் பயிலலாம். சேர்க்கை விதிகள் மாறக்கூடியவை. ஆதலால் அவ்வவ்வாண்டின் அறிவிப்பைப் படித்தே விண்ணப்பிக்க வேண்டும்.

ஏட்டுக் கல்வியின் பின் வருவது பார்வைப் பயிற்சி. பொத்தான் மாட்டுதலை நாம் ஒரே செயலென எண்ணுகிறோம். அவளோ அதைப் படிகளாகப் பிரித்துக் காண்கிறாள்: துளையைக் கண்டறிதல், பொத்தானை இருவிரலால் பற்றுதல், துளையுள் நுழைத்தல், மறுகையால் இழுத்தல். முதல் மூன்றையும் தானே செய்து, இறுதி இழுப்பை மட்டும் குழந்தைக்கு விடுகிறாள். வேலையை முடித்த பெருமை குழந்தைக்குக் கிட்டுகிறது. பிறகு இறுதி இரண்டு படிகள், அதன்பின் மூன்று. இப்படிப் பின்னிருந்து முன்னாகச் சென்று, ஒருநாள் குழந்தை முழுவதையும் தானே செய்கிறது. அந்நாள் வருவதற்கு வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம்.

கையெழுத்துக் கோணலான பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசும் வழக்கம் பள்ளிகளில் நெடுநாளாக உண்டு. கோணல் எழுத்தெல்லாம் நோயன்று. ஆயினும் எல்லாக் கோணலும் சோம்பலும் அன்று. தோளும் முதுகும் நிலைத்து நில்லாதபோது விரல்கள் எழுத்தை ஆள முடியா. கால் தரையில் படாத உயரமான பெஞ்சில் அமர்ந்த பிள்ளைக்கு ஒரு பலகையைக் காலடியில் வைத்தாலே உடல் ஊன்றி நிற்கும். ஏச்சு தராததை அப்பலகை தரும். இதனைக் கண்டறியும் கண் பயிற்சியால் வருவது. அக்கண்ணுடையோர் அருகில் இல்லாத ஊரில், பிள்ளை தன்னை மூடன் என்றே நம்பி வளர்ந்துவிடுகிறது. இதைவிடப் பெரிய இழப்பு வேறென்ன?

பெற்றோரே, டாக்டர் படிப்புக்கு இடம் கிடைக்காமையால் வேறு வழியின்றி ஏற்கும் படிப்பாக இதனைக் கருதாதீர்கள். மாணவர்களே, விண்ணப்பிக்கும் முன்பு, அனுமதி பெற்று இத்தகைய சிகிச்சைப் பிரிவொன்றில் ஒரு நாள் அமர்ந்து பாருங்கள். ஒரு குழந்தை கரண்டியை வாயருகே கொண்டுசெல்லப் பத்து முறை முயன்று, பத்து முறையும் சிந்துவதைக் காண நேரலாம். பதினோராம் முறை எவ்வாறு அமையும் என்று அறிய உங்கள் மனம் ஆவலுற்றால், துணிந்து சேருங்கள். சலிப்புத் தோன்றினால் வேறு துறையை நாடுங்கள், அதில் இழுக்கில்லை. மதிப்பெண் கல்லூரிக்குள் அழைத்துச் செல்லும்; குழந்தையின் அருகே இருத்தி வைப்பது பொறுமை ஒன்றே.

2013 முதல் மாவட்டந்தோறும் தொடக்கநிலை இடையீட்டு மையங்களை அமைக்கும் திட்டம் நடைமுறையில் உள்ளது. அங்கெல்லாம் இத்தகைய கைகள் தேவைப்படுகின்றன. அவை நம் பிள்ளைகளின் கைகளாக அமையட்டும்.